சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு வயலின்

எங்கள் பக்கத்தில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றால் திருவிழா இரவில் மேடை போட்டு சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு. 'கண்டக்டர்' என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துத் தருகிறவர். 'சிம்பொனி' என்ற சொல், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தபோது மறுபடியும் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தது. அதனால் எங்கள் காலனி மாலைநேரப் பயிலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'இன்றைக்கு ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றிய படம்' என்று நான் சொன்னதும் பிள்ளைகள் ராஜாவைத்தான் எதிர்பார்த்தார்கள்.

மடிக்கணினித் திரையில் வந்ததோ கறுப்பு முகங்கள். மண் தெரு, தகரக் கூரை, சாக்கடை ஓரத்தில் நின்று வயலின் வாசித்துப் பழகுகிற ஒருவர். காங்கோ நாட்டின் தலைநகரான கின்ஷாசாவில் இருக்கும் இசைக்குழுவைப் பற்றி இரண்டு ஜெர்மன் இயக்குநர்கள் எடுத்து 2010-ல் வெளியான 'கின்ஷாசா சிம்பொனி' என்ற ஆவணப்படம் அது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முடிய இன்னும் சில நொடிகளே இருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் மட்டும் சிரிக்காமல் கேட்டான்: "அண்ணே, இவங்க நம்மாளுங்களா?"

அன்றைக்கு ஒரு வார்த்தையில் 'ஆமாம்டா' என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் விளக்கம் பாக்கி இருக்கிறது.

முப்பது வருடச் சிறை

காங்கோ 1885 முதல் 1908 வரை பெல்ஜியம் நாட்டின் மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்தது. ஒரு நாடே ஒரு தனி மனிதனின் பண்ணை. காட்டு ரப்பர் எடுத்துக் கொடுக்கக் கிராமங்களுக்கு அளவு நிர்ணயிக்கப்பட்டது. அளவு குறைந்தால் என்ன நடந்தது என்பதற்குக் கை வெட்டப்பட்ட மனிதர்களின் புகைப்படங்களே சாட்சி. பிறகு 1960 வரை பெல்ஜியம் அரசின் காலனி.

அந்தக் காலனி ஆட்சியில், 1921-ல், சைமன் கிம்பாங்கு என்ற கறுப்பினப் போதகர் தம் மக்களிடையே பேசத் தொடங்கினார். நோயாளிகளைக் குணமாக்குகிறார் என்ற செய்தி பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டுவிட்டு அவர் இருந்த கிராமத்துக்கு நடந்தே போனார்கள். வேலைக்கு ஆள் வராவிட்டால் எந்த எசமானுக்கும் பயம் வரும். சில மாதங்களிலேயே அவரைப் பிடித்து 120 சவுக்கடியும் மரண தண்டனையும் விதித்தார்கள். பெல்ஜியம் மன்னர் அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார். முப்பது வருடம் சிறையில் இருந்து, 1951 அக்டோபரில் சிறைக்கைதியாகவே கிம்பாங்கு இறந்தார். அவர் பெயரில் வளர்ந்த திருச்சபைக்கு 1959 கடைசியில்தான் அரசின் அங்கீகாரம் கிடைத்தது.

அவருடைய பேரன் அர்மான் டியாங்கியெண்டா. விமானியாக இருந்தவர், அந்த வேலை போய்விட்டது. கிம்பாங்கு திருச்சபையில் புல்லாங்குழல் குழுக்களும் பித்தளை வாத்தியக் குழுக்களும் முன்பிருந்தே உண்டு. சிம்பொனி இசைக்குழு என்பது வேறு சமாச்சாரம். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என நரம்புக் கருவிகள் மட்டுமே நாற்பது ஐம்பது வேண்டும். அதற்கு மேல் மரக்குழல்கள், பித்தளை எக்காளங்கள், மேளங்கள். கின்ஷாசாவில் 1994-ல் அவர் இந்த வேலையைத் தொடங்கியபோது கையில் இருந்தது சில வயலின்கள்தான். கற்க வந்தவர்கள் அதைவிட அதிகம். ஒருவர் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும், அவர் அதற்கடுத்தவரிடம். நரம்பு அறுந்தால் வாங்கக் கடை கிடையாது. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து வயலினில் கட்டினார்கள். ஒரு கருவியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, உள்ளூர் மரத்தில் அதேபோல இன்னொன்று செய்தார்கள். இசைக்குறிப்பை நகல் எடுக்க வசதி இல்லாதபோது கையால் எழுதினார்கள்.

சேர்ந்தவர்கள் சந்தையில் கடை போட்டவர்கள், கூலி வேலை பார்த்தவர்கள். குழுவில் ஒருவர் முடிதிருத்துபவர், அவரே எலக்ட்ரீஷியன், அவரே வியோலாவும் வாசிப்பவர்; கரண்ட் போனால் வில்லை வைத்துவிட்டு ஒயரைப் பார்க்கப் போகிறவர் அவர்தான். ஒத்திகைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து வந்து, அதே தூரம் நடந்து வீடு திரும்பியவர்களும் இருந்தார்கள். 1996-ல் ஒரு போர், 1998-ல் இன்னொரு போர். ஒத்திகை நிற்கவில்லை.

'ஆப்பிரிக்கர்களுக்கு அவர்களுடைய மேளம் இருக்கிறதே, வெள்ளைக்காரனின் இசை எதற்கு?' என்று இவர்களைப் பார்த்துக் கேட்டவர்கள் உண்டு. இந்தக் கேள்வியின் ருசி நமக்கு நன்றாகத் தெரியும். கோட்டு சூட்டுப் போட்ட அம்பேத்கரைப் பார்த்துக் கேட்டதும் இதுதான். அவர் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார் என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவனுக்கு எது 'சொந்த' இசை என்று அடுத்தவன் முடிவு செய்து கொடுப்பதும் ஒருவகைச் சேரிதான். பறையை விட்டுவிடச் சொல்லவில்லை. எனக்குப் பறையும் வேண்டும், வயலினும் வேண்டும்.

தோலும் குடலும் மயிரும்

இங்கே ஒரு சின்ன விலகல். சிம்பொனி மேடையின் பின்வரிசையில் கொப்பரை போன்ற செப்பு மேளங்கள் இருக்கும். டிம்பனி என்பார்கள். அதன் வாய்க்குக் காலங்காலமாகப் போர்த்தியது கன்றுத் தோல். பிளாஸ்டிக் வந்த பிறகும் கன்றுத் தோலையே விரும்பும் கலைஞர்கள் இருக்கிறார்கள். வயலின் நரம்பு முன்பெல்லாம் ஆட்டுக் குடலில் முறுக்கியது. வில்லில் கட்டியிருப்பது குதிரை வால்மயிர். ஆக, ஐரோப்பா உயர்ந்த கலை என்று போற்றுகிற மேடை முழுக்கத் தோலும் குடலும் மயிரும்தான். அந்த டிம்பனிக்காரர் மற்றவர்களைப் போலவே கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கச்சேரி முடிந்ததும் கண்டக்டர் சைகை காட்ட, எல்லோருடனும் சேர்ந்து கைத்தட்டலை வாங்கிக்கொள்கிறார். அவரை யாரும் சாவு வீட்டுக்கு அனுப்பி வைத்ததில்லை.

பறைக்கும் கன்றுத் தோல்தான். மிருதங்கத்துக்கும் பசு, எருமை, ஆடு என்று தோல் வேண்டும். அதை உரித்துப் பதப்படுத்தி வார் பிடித்துக் கொடுக்கும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகமே எழுதினார். வாசிக்கிறவர் சபா மேடையில், செய்கிறவர் பட்டறையில்.

ஐரோப்பாவில் தோலுக்குத் தீட்டு இல்லை. ஆனால் மனிதத் தோலின் நிறத்துக்குக் கணக்கு இருந்தது. அங்கேதான் இந்தக் கதையின் இரண்டாம் பாதி தொடங்குகிறது.

லண்டன் பயணம்

படம் வெளியான பிறகு கின்ஷாசா குழுவை உலகம் கவனித்தது. 2013-ல் லண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் சங்கம் டியாங்கியெண்டாவைக் கௌரவ உறுப்பினராக்கியது. பிராம்ஸ், ஸ்ட்ராவின்ஸ்கி போன்றவர்கள் இருக்கும் பட்டியல் அது. பீத்தோவனிடம் ஒரு சிம்பொனி எழுதித் தரும்படி 50 பவுண்டு கொடுக்க முன்வந்த சங்கமும் இதுதான்; பின்னால் ஒன்பதாவது சிம்பொனியாக வந்தது அதுதான். எந்தப் பாட்டின் நடுவே கின்ஷாசாவில் கரண்ட் போனதோ அதே பாட்டு.

அடுத்த ஆண்டு, 2014 செப்டம்பரில், கின்ஷாசா இசைக்குழு பிரிட்டனுக்குச் சுற்றுப்பயணம் போனது.

ஒரு இசைக்குழு நாடு விட்டு நாடு போவது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் இரண்டு வேன் பிடித்துப் பக்கத்து மாவட்டத்துக்குக் கலைக்குழு அனுப்பவே மூன்று நாள் தூக்கம் கெடும். இது ஒரு பெருங்கூட்டம். அத்தனை பேருக்கும் விசா வேண்டும். காங்கோ பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிடும் தூதரகம் எதுவும் ஐரோப்பாவில் இல்லை. செல்லோவை விமானத்தில் கொண்டுபோக அதற்கும் தனி இருக்கைச் சீட்டு வாங்குவது வழக்கம். டபுள் பாஸ் ஆள் உயரத்துக்கு மேல், அதற்குக் கெட்டியான பெட்டி செய்து சரக்கில் ஏற்ற வேண்டும். வெயில் நாட்டு மரம் குளிர் நாட்டுக்குப் போனால் சுருதி ஓடும். இத்தனையையும் தாண்டி, தேம்ஸ் நதிக்கரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அமரக்கூடிய ராயல் ஃபெஸ்டிவல் ஹால் மேடையில் போய் அவர்கள் உட்கார்ந்தார்கள். பாட்டன் விலங்கோடு செத்தார். பேரன் கையில் கண்டக்டரின் கோல்.

அந்த லண்டன் கச்சேரிக்குப் போனவர்களில் ஒருவர் சி-சி நுவானோக்கு. நைஜீரியத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் லண்டனில் பிறந்தவர். இளம் வயதில் ஓட்டப்பந்தய வீராங்கனை. முழங்காலில் அடிபட்டு ஓட்டம் முடிந்துபோன பிறகு, ஆசிரியர் சொல்லி டபுள் பாஸைக் கையில் எடுத்தார். பிரிட்டனின் பெயர்பெற்ற இசைக்குழு ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, அதிலேயே முப்பது ஆண்டுகள் முதன்மைக் கலைஞராக இருந்தார். அந்த முப்பது ஆண்டுகளில் பெரும்பாலும் மேடையில் இருந்த ஒரே கறுப்பு முகம் அவருடையது. பழகிப்போனதால் அதைப் பற்றி அவர் பெரிதாக யோசித்ததும் இல்லை. அப்போதைய கலாசாரத் துறை அமைச்சர் ஒருநாள் கேட்டாராம்: சர்வதேச மேடைகளில் ஏன் உங்களை மட்டுமே பார்க்க முடிகிறது?

மேடை நிறையக் கறுப்புக் கலைஞர்கள் உட்கார்ந்திருந்த அந்தக் காட்சியும் இந்தக் கேள்வியும் ஒன்று சேர்ந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டுமா? பிரிட்டனிலேயே இருக்கும் கறுப்பின, ஆசிய இசைக் கலைஞர்கள் எங்கே? அவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில், ஒருவரையொருவர் அறியாமல், தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்தார்கள். கல்லூரி விடுதியில் ஒரே ஒரு காலனிப் பையனாக இருந்தவர்களுக்கு இது புரியும்.

நுவானோக்கு ஒவ்வொருவராகத் தேடினார். ஒரே வருடத்தில், 2015 செப்டம்பர் 13 அன்று, பெரும்பான்மையும் கறுப்பினத்தவரும் சிறுபான்மை இனத்தவரும் கொண்ட ஐரோப்பாவின் முதல் தொழில்முறை இசைக்குழு லண்டனில் கச்சேரி செய்தது. பெயர் 'சினெக்கே!'. இக்போ மொழிச் சொல். படைத்த கடவுளைக் குறிப்பது, நாம் 'கடவுளே!' என்று வியப்பது போல வியக்கவும் பயன்படுவது. ஆச்சரியக்குறியும் பெயரில் சேர்த்திதான்.

முதல் கச்சேரியில் அவர்கள் வாசித்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர் எழுதியது. சியரா லியோன் நாட்டுத் தந்தைக்கு 1875-ல் லண்டனில் பிறந்தவர். ஹியாவதா என்ற கதாநாயகனின் திருமணத்தை வைத்து அவர் எழுதிய பாடல் தொகுதியை இங்கிலாந்தே பாடியது. பதிப்பாளருக்கு அதை மொத்தமாக அவர் விற்றது 15 கினிக்கு. லட்சக்கணக்கில் பிரதிகள் விற்றும் அவருக்குப் பங்கு இல்லை. 37 வயதில் இறந்துபோனார். அவரும் பயணம் போனவர்தான். வாஷிங்டனில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1901-லேயே அவர் பெயரில் ஒரு பாடகர் சங்கம் தொடங்கி, 1904-ல் அவரைக் கடல் கடந்து வரவழைத்தார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. தங்கள் நிறத்தில் ஒருவன் கோலைத் தூக்க, மேடை முழுவதும் அசைவதைப் பார்க்க அந்த மக்களுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!

இன்னொன்று ஒரு இரங்கல் இசை. ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவன் 1993 ஏப்ரல் 22 இரவு லண்டனில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது வெள்ளை இனவெறிக் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டான். போலீஸ் விசாரணையை இழுத்தடித்துக் கெடுத்தது. பெற்றோர் விடவில்லை. 1999-ல் வந்த விசாரணை அறிக்கை லண்டன் காவல்துறை அமைப்பாகவே இனவெறி கொண்டது என்று எழுதியது. 2012-ல்தான் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. ஃபிலிப் ஹெர்பர்ட் என்ற இசையமைப்பாளர் அவனுக்காக எழுதிய இசையை வாசிக்கச் சரியாகப் பதினெட்டு நரம்புக் கருவிகள் வேண்டும். பதினெட்டுக்கும் தனித்தனிக் குரல். அவன் வாழ்ந்த வருடத்துக்கு ஒன்று.

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. படிக்கிற உங்களுக்கே வயதும் ஊரும் தெரியும்.

2017-ல் சினெக்கே! குழு பிரிட்டனின் மிகப் பெரிய செவ்வியல் இசை விழாவான பிபிசி ப்ராம்ஸில் வாசித்தது. ஐரோப்பிய நாடுகளுக்கும், 2023-ல் வட அமெரிக்காவுக்கும் சுற்றுப்பயணம் போனது. கின்ஷாசாவிலிருந்து ஒரு பயணம் வந்தது. லண்டனிலிருந்து இன்னொன்று கிளம்பியது.

திரைக்குப் பின்னால்

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் வரும்: 'இசையில் நிறம் எதற்கு, தகுதி போதாதா?' இந்தத் 'தகுதி' நம் பழைய சிநேகிதன்.

அமெரிக்க இசைக்குழுக்களில் ஆள் எடுக்கும்போது, வாசிப்பவர் யார் என்று தேர்வாளர்களுக்குத் தெரியாமல் நடுவில் திரை கட்டுகிறார்கள். செருப்புச் சத்தம் பெண் என்று காட்டிக் கொடுத்துவிடும் என்பதற்காகத் தரையில் கம்பளம்கூட விரிப்பது உண்டு. நல்ல ஏற்பாடு, பெண்கள் நிறைய வந்தார்கள். ஆனால் 2014 கணக்கின்படி அமெரிக்க இசைக்குழுக்களில் கறுப்பினத்தவர் 1.8 சதவீதம். திரை முகத்தை மறைக்கும். ஆறு வயதில் கையில் வயலின் கிடைத்த பிள்ளைக்கும் பதினாறு வயதிலும் கிடைக்காத பிள்ளைக்கும் நடுவில் உள்ள பத்து வருடத்தை அது மறைக்காது. திரைக்கு முன்னால் வந்து நிற்பதற்கே காசு, ஆசிரியர், கருவி, வீட்டில் பழக ஒரு மூலை எல்லாம் வேண்டும்.

நான் முதுகலை படித்த காலத்தில் வயலின் கற்கும் ஆசையில் ஓர் ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். பெயரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். ஊரில் எந்தப் பக்கம் என்றும் கேட்டார். "இப்ப இடமில்ல தம்பி, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். அடுத்த மாதமும் இடமில்லை. மூன்றாம் மாதம் நான் போகவில்லை. அங்கே திரை ஒன்று தொங்கியிருந்தாலும் அவர் அதற்கு அந்தப் பக்கம் இருந்தே ஊரைக் கேட்டிருப்பார்.

பயணம் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில், நெல்சன் மண்டேலாவின் நூற்றாண்டை ஒட்டி, அமெரிக்காவின் மின்னசோட்டா இசைக்குழு தென்னாப்பிரிக்காவின் ஐந்து நகரங்களுக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து அந்த நாட்டில் சுற்றுப்பயணம் செய்த முதல் தொழில்முறை இசைக்குழு அதுதான். நகரத்து அரங்கங்களோடு நின்றுவிடாமல், வெள்ளை ஆட்சி கறுப்பர்களை ஒதுக்கி வைத்த சொவெட்டோவுக்கும் போய், ரெஜினா முண்டி தேவாலயத்தில் வாசித்தார்கள். பள்ளிகளில் ஆப்ரிக்கான்ஸ் மொழியைத் திணித்ததை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று மாணவர்கள் தெருவில் இறங்கியபோது ஓடி ஒளிந்த கோயில் அது. போலீஸ் உள்ளே புகுந்து சுட்ட தடங்களை இன்றும் அடைக்காமல் வைத்திருக்கிறார்கள். கச்சேரி முடிவில் அந்த வயலின்காரர்களும் எக்காளக்காரர்களும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, சுரங்கக் கூலிகள் ரயிலில் வரும்போது பாடிய 'ஷோஷோலோசா' பாட்டை வாயால் பாடினார்கள். கோயில் முழுக்க எழுந்து சேர்ந்து பாடியது. அந்தக் காணொளியையும் பிள்ளைகளுக்குக் காட்டினேன். நாலைந்து பேர் பெஞ்சில் தாளம் போட்டார்கள். பறை பழகும் கைகள், தப்பாமல் விழுந்தது.

எங்கள் பயிலகத்தில் இரண்டு பறை இருக்கிறது. யாரோ கொடுத்த கீபோர்டு ஒன்றும் இருக்கிறது, அதில் மூன்று கட்டை வேலை செய்யாது. படம் பார்த்த மறுநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து, "நானும் அந்த வில்லு வச்சி வாசிக்கிறது கத்துக்கணும்ணே" என்றாள். பக்கத்து டவுனில் சர்ச் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் போய்ப் பேசினேன். சனிக்கிழமை சாயந்திரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வயலினை அவரே கொண்டு வருவார்.

இதுவரை பெயர் கொடுத்திருப்பது பதினோரு பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வரிசை போட்டு வைத்திருக்கிறோம்.